பராமரிப்பு அட்டையில் ஒரு கட்டம்

என் அன்பான நர்ஸம்மாவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். இதை நீ லேசில் நம்பமாட்டாய் என்று தெரியும். அதனால் ஆதாரத்தையும் இதே உறையில் மடித்து வைத்திருக்கிறேன். கடிதத்தை முழுதாகப் படித்த பிறகு அதை எடுத்துப் பார்.

ஃபோன் இருக்க எதற்குக் கடிதம் என்று கேட்பாய். ஃபோனில் நான் ‘ம்’ என்று சொல்வதற்குள் என் குரலை வைத்தே நீ தீர்ப்பு எழுதிவிடுகிறாய். போன வாரம் வந்த உன் கடிதமே அதற்குச் சாட்சி. மாதக் கடைசியில் பயிற்சியை விட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிடுகிறேன் என்று எழுதியிருந்தாய். டயாலிசிஸ் வார்டில் ஏழு மாதம் முடித்துவிட்டு, ஐந்து மாதம் பாக்கி இருக்கும்போது விடுவதா? விலகல் கடிதத்தை எழுதியிருந்தால் இன்னும் கொடுக்காதே. முதலில் என் கதையைக் கேள்.

நான் இருந்த இருப்பை மறைக்கப் போவதில்லை. போன வருடம் அந்தக் காய்ச்சல் விட்டது, அசதி விடவில்லை. வேலை முடிந்து வந்தால் ஷூவைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் விழுந்தேன். சாப்பிடக் கூப்பிட்டால் எரிந்து விழுந்தேன். ஒன்பது மாடி ஏறி லிஃப்ட் மோட்டார் அறையைத் திறக்க வேண்டும் என்று நினைத்தாலே நெஞ்சு கனத்தது. சூப்பர்வைசர் இரண்டு முறை கூப்பிட்டு எச்சரித்ததை உன்னிடம் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன், திட்டிக்கொள்.

அந்த நிலையில்தான் நீ அனுப்பிய கிரியேட்டின் சத்துப்பொடி டப்பா வந்தது. டப்பாவைவிட அதோடு வந்த உன் உத்தரவுகள்தான் கனம். முதலில் சிறுநீரகப் பரிசோதனை, டாக்டர் சரி என்ற பிறகு தினமும் ஒரு கரண்டி, தண்ணீர் நிறைய. தசைக்குத் தெம்பு தரும் என்பது தெரிந்த விஷயம், மூளைச் சோர்வுக்கும் மனசுக்கும் உதவலாம் என்கிறார்கள், ஆனால் இன்னும் உறுதியில்லை, அதிசயம் எதிர்பார்க்காதே என்று எழுதியிருந்தாய். பரிசோதனை செய்தேன், டாக்டரும் சரி என்றார்.

அப்புறம் ஒரு கூத்து நடந்தது. புது பேரிங் மாட்டினால் முதலில் கிரீஸை நிறைய அடைப்போம், பிறகுதான் அளவாக வைப்போம். இருபத்திரண்டு வருடப் பழக்கம் சும்மா விடுமா? உடம்புக்கும் அதே கணக்கு என்று முதல் நாளே நாலு கரண்டியை ஒரே டம்ளரில் கலக்கிக் குடித்துவிட்டுப் போனேன். ஆறாவது மாடிக்கும் ஏழாவது மாடிக்கும் நடுவில் லிஃப்ட் கூண்டின் மேல் நிற்கிறேன், வயிறு கடமுடா என்கிறது. அன்று நான் கீழே இறங்கிய வேகத்தில் எந்த லிஃப்டும் இறங்கியதில்லை. வீட்டில் உன் தம்பியிடம் சொன்னால் ஆறுதலாகவா பேசுவான்? “மாமா, அக்கா ஒரு கரண்டின்னு எழுதினது உங்களுக்கு, மோட்டாருக்கு இல்ல” என்றான். தெருவில் பாதிப் பேருக்குச் சொல்லியும் முடித்துவிட்டான்.

மறுநாளே கம்பெனியிலிருந்து ஒரு பராமரிப்பு அட்டை கொண்டுவந்தேன். ஒவ்வொரு லிஃப்டுக்கும் ஒன்று தொங்குமே, அதே அட்டைதான். இயந்திரத்தின் பெயர் என்ற இடத்தில் ‘நான்’ என்று எழுதிச் சமையலறை அலமாரிக் கதவில் ஒட்டினேன். தெம்பு, மனநிலை, வேலையில் இறங்கும் முனைப்பு என்று மூன்று கட்டம், பத்துக்கு எத்தனை என்று தினமும் மார்க். குறிப்பு எழுதும் இடத்தை உன் தம்பி பிடித்துக்கொண்டான். முதல் வாரம் முழுக்க மூன்றும் இரண்டும்தான். ‘இயந்திரம் உறுமுகிறது, அருகில் செல்ல வேண்டாம்’ என்பது அவன் குறிப்பு. எடை ஒரு கிலோ கூடியது. தண்ணீர்தான், பயப்படாதே என்று டாக்டர் சொன்னார்.

நான்காவது வாரம் ஒரு நாள் கருவிப் பெட்டியோடு மோட்டார் அறைக்கு ஏறிப் போய்ப் பூட்டைத் திறந்த பிறகுதான் உறைத்தது, நடுவில் எங்கும் உட்காரவில்லை என்று. அன்று தெம்புக்கு ஆறு போட்டேன். ஆறாவது வாரம் சமையலறைக் குழாயைச் சரிசெய்தேன். ஆமாம், நீ பயிற்சிக்குப் போகும் முன்பிருந்தே சொட்டிக்கொண்டிருந்த அதே குழாய்தான். நீ சொல்லிச் சொல்லி வாய் வலித்துப்போன வேலை, இருபது நிமிடத்தில் முடிந்தது. வெட்கமாக இருந்தது.

இனி ஒரு ஒப்புதல். பழுது பார்க்கும்போது ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும், இரண்டை மாற்றினால் எதனால் சரியானது என்றே தெரியாது என்று எல்லாருக்கும் பாடம் எடுப்பவன் நான். அதை நானே மீறிவிட்டேன். பொடியைக் குடிக்க வேண்டும் என்று காலையில் உட்கார்ந்ததில் உன் தம்பியோடு சேர்ந்து முட்டையும் ரொட்டியும் சாப்பிடும் பழக்கம் வந்தது. பிறகு அவன் வண்டி எடுக்கும் இடம்வரை நடந்து போய்வரத் தொடங்கினேன். தூக்கமும் நேரத்துக்கு வந்தது. மனசு கனப்பதைப் பற்றி டாக்டரிடம் தனியாக இரண்டு முறை பேசினேன். இதில் உன் பொடியின் பங்கு எத்தனை என்று கேட்டால் சத்தியமாக எனக்குத் தெரியாது. கால்வாசியா, பாதியா, ஒன்றுமே இல்லையா? “எதுவா இருந்தா என்ன மாமா, வண்டி ஓடுதுல்ல” என்கிறான் உன் தம்பி. அவனுக்கென்ன, டிரைவர். நான் மெக்கானிக், எனக்கு அது போதவில்லை. முந்தாநாள்கூடத் தெம்பு மூன்றுதான். அதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறேன்.

அந்த அட்டைதான் உறையில் இருக்கிறது. எட்டு வாரத்துக் கணக்கு. அதில் ஒரே ஒரு கட்டத்தை மட்டும் மை பூசி அழித்திருக்கிறேன். பதினான்காம் தேதி, மனநிலை. பதிவேட்டில் நான் அடித்துத் திருத்தியது இத்தனை வருட வேலையில் இதுதான் முதல் முறை. உன் தம்பி அழிக்க வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னான்.

அன்றுதான் நீ வருகிறேன் என்று எழுதிய கடிதம் வந்தது. படித்த கையோடு போய் அந்தக் கட்டத்தில் பத்து என்று எழுதினேன். அட்டை முழுக்கத் தேடினாலும் வேறு பத்து கிடையாது, ஏழைத் தாண்டியதே இரண்டு நாள்தான். எழுதி முடித்து நின்று பார்த்தேன். என் பத்துக்கு விலையாக உன் ஏழு மாதத்தைக் கேட்கிறேன் என்று புரிந்தது. நீ வந்தால் அந்தப் பத்து ஒரு மாதம் நிற்கும். அதற்குப் பிறகு நீ பாதியில் விட்ட படிப்பு தினமும் நமக்கு எதிரில் உட்கார்ந்து டீ குடிக்கும். அதான் அழித்தேன்.

நீ இல்லாத வீடு நன்றாக இல்லை. அதை எந்தப் பொடியும் சரிசெய்யாது, நான் பொய் சொல்லப் போவதில்லை. ஆனால் படுத்துக் கிடக்கிறவனைத் தூக்கிவிட நீ ஓடிவர வேண்டாம். நான் எழுந்துவிட்டேன், நடந்துகொண்டிருக்கிறேன், சில நாள் மெதுவாக.

புது அட்டை ஒன்றை ஒட்டியிருக்கிறேன். அதில் நீ படிப்பை முடித்துத் திரும்பும் தேதியை இப்போதே எழுதி, மனநிலைக் கட்டத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். என் கண்ணே, அதை ஐந்து மாதம் கழித்து வந்து உன் கையால் நிரப்பு. அதற்கு ஒரு நாள் முன்னால்கூட வந்துவிடாதே. வாசலில் உன்னைப் பார்த்துவிட்டால் திரும்பிப் போ என்று சொல்லும் தெம்பு மட்டும் எனக்கு இன்னும் வரவில்லை.

குழாய் சொட்டாத வீட்டிலிருந்து,
உன் லிஃப்ட்காரன்