சுவரில் இருப்பவர்களும் நலம்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கு நானும் அப்பாவும் நலம், சுவரில் இருப்பவர்களும் நலம். நீயும் மாப்பிள்ளையும் வயிற்றில் உதைக்கிற அந்த வாலும் எப்படி இருக்கிறீர்கள்? கால் வீக்கம் குறைந்ததா? உப்பைக் குறை, மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கு, போனைப் பார்த்துக்கொண்டு இறங்காதே.

அப்பாவின் கதையைக் கேள். ரிட்டயரான கையோடு பிடித்த பைத்தியம் இப்போது முற்றிவிட்டது. விசாரணையே இல்லாமல் சிறையில் கிடப்பவர்களின் வழக்குச் செலவுக்காக ஓவியர்கள் அவர்களுடைய முகங்களையே வரைந்து, கொஞ்சம் பிரதிகள் மட்டும் அச்சடித்து, ஓரத்தில் பென்சிலால் எண் போட்டுக் கையெழுத்திட்டு விற்கிறார்கள் அல்லவா, அதில் எது வெளிவந்தாலும் நம் வீட்டுக்கு ஒன்று வந்து சேர்ந்துவிடுகிறது. நல்ல காரியம்தான், அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் வெயில் பட்டால் மை வெளுக்குமாம், ஈரம் பட்டால் தாள் நெளியுமாம், எண்ணெய்ப் புகை கண்ணாடிக்குள்ளும் புகுந்துவிடுமாம். அதனால் திரையை விலக்கக் கூடாது, ஜன்னலைத் திறக்கக் கூடாது, அடுப்பில் எதையும் பொரிக்கக் கூடாது. பட்டப்பகலில் விளக்கைப் போட்டுக்கொண்டு காய் நறுக்குகிறேன். காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும் மெஷின் ஒன்று ஹாலில் உறுமிக்கொண்டே இருக்கிறது, அதன் தொட்டியில் சேரும் தண்ணீரைக் காலையும் மாலையும் கொட்டுவது என் உத்தியோகம். அதை விட்டுவிட்டு உன் சித்தியின் ஆபரேஷனுக்குக்கூடப் போய் ஒரு ராத்திரி துணைக்கு இருக்க முடியவில்லை.

போன வாரம் அந்தப் படங்களை வெளியிடும் அமைப்பிலிருந்து ஒரு பெண் போட்டோ எடுக்க வந்தாள். அப்பா ஒவ்வொரு படத்தின் முன்னாலும் நின்று, இவர் எத்தனை வருஷமாக வெளிச்சத்தையே பார்க்கவில்லை தெரியுமா என்று சொல்லும்போது குரல் தழுதழுத்தது. நடிப்பில்லை, மனிதர் நிஜமாகவே உருகுகிறார், அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அவள் என் பக்கம் திரும்பி, "எப்படிம்மா இந்த இருட்டுல இருக்கீங்க?" என்று கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா முந்திக்கொண்டு, "அவளுக்குப் பழகிடுச்சு" என்றார். அவள் போன பிறகு சமையலறையில் நின்று அழுதேன். எனக்கு மூச்சு முட்டுகிறது கண்ணு, யாரிடம் சொல்வேன்.

உன் பிரசவத்துக்கு வருவதைப் பற்றி நேற்று பேச்சை எடுத்தேன். கோபமெல்லாம் படவில்லை. "நீ போயிட்டா தொட்டியை யாரு கொட்டறது, எனக்கு முதுகு பிடிச்சுக்குமே" என்றார். சரி, பாஸ்போர்ட்டையாவது எடுத்துக் கொடுங்கள் என்றேன். அதைப் படங்கள் வைக்கும் பீரோவில், தாள் பழுப்பேறாமல் இருக்க அவர் வாங்கி வைத்திருக்கும் விசேஷக் காகிதத்தில் சுற்றிப் பூட்டியிருக்கிறார். "வெளிச்சம் படாம பத்திரமா இருக்கு, கவலைப்படாதே" என்று சொல்லிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். இதற்குச் சிரிப்பதா அழுவதா, நீயே சொல்.

இதற்காக அப்பாவோடு சண்டைக்குப் போகாதே, உனக்கு ரத்த அழுத்தம் ஏறும். அவரிடம் கேட்கவும் கேட்காதே. டிக்கெட்டை எனக்கு மட்டும் போட்டுவிட்டுத் தேதியை அவருக்குச் சொல், போதும். பிள்ளையைச் சுகமாகப் பெற்றெடுத்து நீங்கள் மூவரும் நீண்ட ஆயுளோடு இருக்க வேண்டும். இரும்புச்சத்து மாத்திரையை மறக்காதே. சாவியை இன்னொரு முறை நல்லபடியாகக் கேட்பேன், கொடுக்காவிட்டால் தெருமுனைப் பூட்டுக்காரரை அப்பா வீட்டில் இருக்கும்போதே கூப்பிடுவேன்.

உன் வரவுக்கல்ல, தன் புறப்பாட்டுக்காகக் காத்திருக்கும்
அம்மா