குண்டூசி எழுதிய பதில்கள்

மார்ச் 4

அன்புள்ள குண்டூசிக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம், என் காதுகளைத் தவிர. படுக்கையில் கிடக்கும் உன் வீட்டுக்காரரைப் பார்த்துக்கொள்ள நீ வேலையை விட்டுப் போனதிலிருந்து உன் நாற்காலி காலியாகத்தான் கிடக்கிறது. உனக்கு வர வேண்டிய தண்ணீர்ப் புகார் போன்களும் எனக்கே வருகின்றன. முன்பெல்லாம் எவனாவது வாய்க்கு வந்தபடி பேசினால், என் கையிலிருந்து போனைப் பிடுங்கி நீ பேசுவாய். இப்போது பிடுங்க ஆளில்லை.

இன்று ஒருவர் குழாயில் தண்ணீர் வரவில்லை என்று ஆரம்பித்தார். நான் வணக்கம் சொல்லி முடிப்பதற்குள் என் குடும்பத்தையே இழுத்துவிட்டார். "தூங்குறதுக்கா உங்களுக்குச் சம்பளம் குடுக்குறாங்க?" என்று ஒரே கத்தல். நான் கிளிப்பிள்ளை மாதிரி மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருந்தேன். வீட்டுக்கு வந்தும் படபடப்பு அடங்கவில்லை. தட்டு எடுத்து வைத்த மகள்மேல் எரிந்து விழுந்தேன். பாவம், அவள் என்ன செய்தாள்?

வழக்கம்போல அந்த மனிதருக்கு ஒரு பதில் எழுதி எனக்கு அனுப்பு. அதைப் படித்தால்தான் எனக்குச் சோறு இறங்கும். அண்ணன் எழுந்து உட்காருகிறாரா?

உன்
கோந்து

மார்ச் 9

அடி கோந்து,

யாரிடம் வந்து யார் கத்துவது? இந்தா, பதில். "சார், உங்க வாயிலிருந்து வர்ற வேகத்தைக் கொஞ்சம் குழாய்ப் பக்கம் திருப்பி விடுங்க. உங்க தெருவுக்கே தண்ணி வந்துடும்!"

சிரித்தாயா? சிரித்துவிட்டுப் போய் மகளிடம் நாலு நல்ல வார்த்தை பேசு. கோபத்தை அலுவலகத்திலேயே பூட்டிவைக்க முடியாமல்தானே எனக்கு அனுப்புகிறாய். நானே வைத்துக்கொள்கிறேன், என் வீட்டில் இடம் இருக்கிறது.

உன் அண்ணனுக்கு இடுப்பு எலும்பு கூடி வருவதாக டாக்டர் சொல்கிறார். ஏணியிலிருந்து விழுந்ததில் எல்லாம் உடைந்தது, முன்கோபம் மட்டும் முழுசாக இருக்கிறது. தலையணை உயரம் சரியில்லை என்று காலையிலிருந்து எனக்கு அர்ச்சனை. அதை விடு. நீ நேரத்துக்குச் சாப்பிடு.

உன்
குண்டூசி

மார்ச் 21

குண்டூசி,

என் தலையில் நானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டேன்.

அதே ஆள் நேற்று மறுபடியும் போன் செய்தார். அதே பேச்சு. நான் வாயைத் திறந்தேன், நீ எழுதியது அப்படியே வந்துவிட்டது. ஒரு எழுத்துகூடப் பிசகவில்லை. அவ்வளவு தடவை படித்திருக்கிறேன்! சொன்ன அந்த நொடியில் எவ்வளவு இதமாக இருந்தது தெரியுமா? அவர் போனை வைத்த பிறகுதான் செய்த காரியம் உறைத்தது. நம் போனில் பேசுவதெல்லாம் பதிவாகும் என்பதை மறந்தே போனேன்.

விளக்கம் கேட்டுத் தாள் கொடுத்துவிட்டார்கள். அடுத்த வாரம் விசாரணை. வேலை போனால் அம்மாவின் மருந்து, மகளின் படிப்பு எல்லாம் அந்தரத்தில் நிற்கும். அவர்கள் முகத்தைப் பார்க்கவே பயமாக இருக்கிறது. ஏதாவது எழுதேன்.

கோந்து

மார்ச் 25

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. எல்லாம் என்னால் வந்த வினை. உனக்கு ஆறுதல் சொல்கிறேன் என்று உன் பிழைப்பில் கைவைத்துவிட்டேன்.

மன உளைச்சல் வரும்போது மூச்சை மெதுவாக இழுத்து விடவும். தண்ணீர் நிறையக் குடிக்கவும். மாலையில் சற்று நடக்கவும். விசாரணையில் கேட்டால் எழுதிக் கொடுத்தது நான்தான் என்று சொல்லிவிடு, இந்தக் கடிதத்தையே காட்டு. இனிமேல் அப்படி எதுவும் எழுத மாட்டேன். நான் எழுதாமலே இருப்பதுதான் உனக்கு நல்லது என்று தோன்றுகிறது.

இப்படிக்கு,
தோழி

ஏப்ரல் 2

அடியே,

வேலை தப்பியது. எச்சரிக்கையோடு விட்டுவிட்டார்கள். முதலில் அதைச் சொல்லிவிட்டேன், மூச்சை இழுத்து விட்டுக்கொள்.

விசாரித்தது ஒரு பெரிய அதிகாரியம்மா. பதிவைப் போட்டுக் கேட்டுவிட்டு, "யாரும்மா உனக்கு இதெல்லாம் சொல்லிக் குடுக்குறது?" என்றார். உன் கடிதத்தை நான் கொண்டு போகவில்லை. ஆனால் உண்மையைச் சொன்னேன். "என் சிநேகிதி, மேடம். அவ இல்லைன்னா நான் தினம் யாரையாவது இப்படிப் பேசியிருப்பேன். அவ எழுதுறதைப் படிச்சுச் சிரிச்சுட்டுத்தான் மறுநாள் வேலைக்கு வர்றேன். அதனாலதான் இத்தனை நாள்ல ஒரே ஒரு தப்பு."

அந்த அம்மா எச்சரிக்கைத் தாளில் கையெழுத்துப் போட்டார். பிறகு, மோசமான அழைப்பு வந்தால் எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வரலாம் என்று எல்லோருக்குமாக உத்தரவு போட்டார்.

இப்போது எனக்குப் பயமெல்லாம் உன்னைப் பற்றித்தான். தண்ணீர் குடிக்கச் சொல்ல எனக்கு ஒருத்தி வேண்டுமா? நீ எழுதியிருப்பது கடிதமா, சுற்றறிக்கையா? கையெழுத்தும் "தோழி"யாம்! நீ அப்படி எழுதுகிற ஆள் இல்லையே. என்னடி ஆயிற்று உனக்கு?

உன்
கோந்து

ஏப்ரல் 8

அடி கோந்து,

உன் கடிதத்தை அடுப்படியில் நின்றபடியே படித்தேன். அழுகை வந்துவிட்டது.

உனக்காகத்தான் எழுதுகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நிறுத்திய பிறகுதான் விஷயம் புரிந்தது. இந்த வீட்டில் நான் சிரித்ததெல்லாம் உனக்குப் பதில் யோசித்த நேரத்தில்தான். காய் நறுக்கும்போது யோசிப்பேன், துணி காயப்போடும்போது யோசிப்பேன், தனியாகச் சிரிப்பேன். அது நின்றதும் வீட்டில் அவர் குரல் மட்டும்தான் மிச்சம்.

நேற்று பால் ஆறிவிட்டது என்று டம்ளரைத் தட்டிவிட்டார். தரையைத் துடைத்தேன். பிறகு குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். எழுந்து வெளியே வரவே மனசில்லை. வலியில் கத்துகிறார், தெரியும். அவர்மேல் எனக்குப் பாசமும் இருக்கிறது. ஆனாலும் முடியவில்லையடி. இதை என் அக்காவிடம்கூடச் சொன்னதில்லை. உனக்கே ஆயிரம் கவலை, உன்னிடம் எப்படிச் சொல்வது என்று இருந்துவிட்டேன்.

இந்தத் தடவை உன் அண்ணனுக்கு நீ ஒரு பதில் எழுது. உனக்குத் திட்ட வராது, தெரியும். தப்பும் தவறுமாகவாவது திட்டு. நான் வாசலையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

உன்
குண்டூசி