முடிந்தது என்று சொல்லாமல் போனவர்கள்

என் முரளி கண்ணுக்கு,

பெருமாள் பக்கத்தில் சௌக்கியமாக இருப்பாய் என்று நம்பித்தான் எழுதுகிறேன். அங்கேயாவது நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

உன் அப்பா, அதான் என் அண்ணன், கொஞ்ச நாளாக யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. உன் ஆபீசிலிருந்து யாரோ போனில் வாய்தவறிச் சொல்லிவிட்டார்கள். நீங்கள் செய்த ஆப்பரேட்டிங் சிஸ்டத்தில் சர்வர் அடிக்கடி நின்றுபோகிறது, முரளி எழுதின இடத்தில்தான் மெமரி வீணாகிறது என்று. "செத்தவன் தலைமேல போட்டுட்டு இவனுங்க தப்பிச்சிக்கினானுங்க" என்று அண்ணன் கூரம் கிராமத்திலிருந்து எங்கள் வீட்டுக்கே வந்து புலம்பினார். காய்ச்சலில் போன பிள்ளைக்குக் கெட்ட பெயர் வேறா?

ஞாயிற்றுக்கிழமை செல்வி வந்தாள், ஆபீசில் உன் பக்கத்து நாற்காலிப் பெண். பெருமாளைச் சேவிக்க வைத்து, அண்ணனையும் வரவழைத்து, சாப்பாடு போட்டுவிட்டுத்தான் கேட்டேன்.

"உள்ளதச் சொல்லும்மா. தப்பு அவனுதா?"

அவள் பூசி மெழுகவில்லை. "ஆமாம்மா, அவர் எழுதினதுதான்" என்றாள்.

அண்ணன் எழுந்து போய்விடுவாரோ என்று பயந்தேன். அவள் விடாமல் விளக்கினாள். சர்வருக்கு வருகிற ஒவ்வொருவருக்கும் மெமரியில் கொஞ்சம் இடம் கொடுத்து, வேலை முடிந்ததும் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டுமாம். வந்தவர் 'முடிந்தது' என்று சொல்லும்வரை எடுக்கக் கூடாது என்று நீ எழுதிவைத்தாயாம். நடுவில் லைன் அறுந்து போனவர்கள் எங்கே சொல்வார்கள்? அவர்கள் இடமெல்லாம் அப்படியே கிடக்க, புதிதாக வருகிறவர்களுக்கு இடமில்லாமல் மிஷின் நின்றதாம்.

அண்ணன் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். "எங்க வூட்டுப் பந்தியில கடைசி ஆளு கை கழுவுற வரைக்கும் ஒரு இலைய எடுக்க வுடமாட்டோம்மா. அந்த வழக்கத்தையா அதுல எழுதிவச்சான்?" என்று கேட்டுச் சிரித்தார். சிரித்துக்கொண்டே துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

செல்வி இப்போது அதைச் சரிசெய்துவிட்டாள். ரொம்ப நேரம் சத்தம் காட்டாமல் இருக்கிறவர்களை மிஷினே கூப்பிட்டுப் பார்க்குமாம், பதில் வராவிட்டால்தான் இடத்தை எடுக்குமாம். ஒரே தரம்தான் கூப்பிடுமா என்று கேட்டேன். "இல்லம்மா, திரும்பத் திரும்பக் கூப்பிடும்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் நானும் அப்படித்தானே கூப்பிட்டேன். கேட்டதா உனக்கு?

அண்ணனுக்கு வேறு கவலை. புரோகிராமின் தலைப்பில் எழுதினவர் பெயர் இருக்குமாமே. "அவன் பேர எடுத்துட்டியாம்மா?"

"எடுக்கலப்பா. அவர் பேர் மேல அப்படியே இருக்கு. கீழ என் பேரச் சேத்திருக்கேன், அவ்ளோதான்."

அன்றைக்கு ராத்திரிதான் உன் அப்பா ரொம்ப நாளைக்குப் பிறகு இரண்டாம் தரம் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

உன் பெயரில் அர்ச்சனை பண்ண முடியாமல் போனதிலிருந்து, தாயார் சந்நிதியில் தட்டை நீட்டவே எனக்குக் கை எழவில்லை. யார் பேருக்கு என்று பட்டர் கேட்பாரே, என்ன சொல்வேன்? செல்வியின் நட்சத்திரத்தைக் கேட்டுவைத்துக்கொண்டேன். வருகிற வெள்ளிக்கிழமையிலிருந்து அவள் பெயரைச் சொல்லுவேன். தாயார்மேல் ஆணை, ஒரு வாரமும் விடமாட்டேன்.

உன் அப்பாவின் தங்கை,
என்றைக்கும் உனக்கு அத்தை