ஏறாத மலையின் கணக்கு

மழை வளம் குன்றாது, சுனைநீர் வற்றாது, பிறந்த பிள்ளை ஒவ்வொன்றும் பெயரிடும் நாளைக் காணும் நாடாக நெடுங்குன்ற நாடு நீடு வாழ்க. அந்நாட்டின் ஏழு கணவாய்களுக்கும் காவலராய், மேலூர் கீழூர் என்னும் வேற்றுமை பாராத நடுவராய் வீற்றிருக்கும் அதிபதி கோவன் ஆதனார் திருமுன்புக்கு, வெண்மதில் மாநகரத்துப் பேரரசரின் ஊர்தித்துறை அமைச்சி செம்பாவை தலைதாழ்த்தி விடுக்கும் ஓலை. தங்கள் கோட்டமும் கொட்டாரமும், தங்கள் நாட்டு மருத்துவச்சியர் இல்லமும் நலமுடன் இருப்பதாகுக.

இவ்வோலை பிழை ஒப்பும் ஓலை. பிழை செய்தவர் தம்மை அயலார்போல வைத்துப் பெயர் சொல்லி எழுதவேண்டும் என்பது இப்பேரரசின் முறையாதலால், இதன்கண் வரும் செம்பாவை என்பவளை ஓலை விடுத்தவளாகவே கொண்டருள்க. சென்ற ஆவணியில் இதே செம்பாவை தங்களுக்கு எழுதிய மறுமொழி பொய். வரும் ஐப்பசி முதல் நாள் தங்கள் ஊரவையில் மருத்துவச்சித் தலைவி கொற்றி மீது நடக்கவிருக்கும் விசாரணை அந்தப் பொய்யின்மேல் எழுந்தது. அவை கூடுமுன் இவ்வோலை தங்கள் கையை அடையவேண்டும் என்பதற்காகவே ஒன்றுக்கு மூன்றாகப் படியெடுத்து மூன்று வழிகளில் விடுக்கலாயிற்று.

நடந்தது இது. நெடுங்குன்றத்து மருத்துவச்சியர் கால்நடையாக மலையேறிப் பேறு பார்த்துவந்த துன்பத்தைத் தீர்க்க, ஏழு ஊர்திகள் அளிப்பதென்று பேரரசர் திருவுளம் கொண்டார். கல்லெண்ணெயில் ஓடும் ஊர்தியா, மின்கலத்தில் ஓடும் ஊர்தியா, இவற்றை விலைக்குக் கொள்வதா, நான்காண்டுக் குத்தகைக்கு எடுப்பதா, எது நாட்டுக்குச் சிக்கனம் என்று ஒப்பிட்டுச் சொல்லும் பொறுப்பு செம்பாவையிடம் வந்தது. அவள் ஊர்தித்துறைக்கு அமைச்சியாகி அப்போது ஐந்து திங்களே ஆகியிருந்தன. தந்தையின் செல்வாக்கால் வந்தவள் என்று கருவூலப் பண்டாரத்தார் காதுபடவே பேசிக்கொண்டிருந்த காலம். இந்த ஒரு கணக்கால் அந்த வாய்களை அடைத்துவிடவேண்டும் என்று அவள் எண்ணினாள். பிழையின் வேர் அந்த எண்ணத்திலேயே இருந்தது என்பதை அவள் இப்போது மறைக்கவில்லை.

தை மாதத்தில் இருவகையிலும் இரண்டிரண்டாக நான்கு ஊர்திகளுக்கு வெள்ளோட்டம் விடப்பட்டது. புதிய ஊர்தி புறப்பட்ட வாசலுக்கு அன்றே திரும்பி வந்து முகம் காட்டினால் மனைக்கு ஆகாது என்பது தலைநகர வழக்கம் என்று தாங்கள் அறிவீர்கள். அரண்மனையோ மலைமுடியில் உள்ளது. ஆகவே ஒவ்வோர் ஊர்தியும் வாசலில் பூசை கண்டு, மலையிறங்கி, அடிவாரத்துச் சாவடியில் நின்றது. மறுநாள் அவற்றைச் சேலையால் போர்த்தி, காளை பூட்டி இழுத்து மேலே ஏற்றினார்கள். இழுத்த காளைகளின் தீவனமும் ஆள்கூலியும் கோசாலைக் கணக்கில் எழுதப்பட்டன. ஊர்தித்துறை ஏட்டில் இறங்கிய வழி மட்டுமே ஏறியது. இறங்கும்போது மின்னூர்தி செலவழிக்கும் மின்னில் பெரும்பகுதியைச் சக்கரத்தின் சுழற்சியே திரும்ப ஊட்டிவிடுகிறது. நூறு பங்கு நிறைத்து அனுப்பிய மின்கலம் அடிவாரத்தில் தொண்ணூற்றிரண்டு பங்கோடு நின்றதைக் கண்டு செம்பாவை குழந்தைபோல் மகிழ்ந்தாள்.

அந்த வெள்ளோட்டத்தில் நெடுங்குன்றத்தின் சார்பில் உடன் வந்தவள் கொற்றி. சாவடித் திண்டில் அமர்ந்து மோர் குடித்துக்கொண்டே அவள் சொன்ன சொற்கள் செம்பாவைக்கு ஓரெழுத்தும் மறக்கவில்லை. இறங்கும்போது பொதி சுமந்த கழுதையும் குதிரைதான் அம்மணி, ஏறும்போது அல்லவா அதன் முகத்தைப் பார்க்கவேண்டும் என்று அவள் சிரித்தாள். எங்கள் இல்லம் அடிவாரத்தில், வயிற்றுப்பிள்ளைக்காரிகளோ மேலே. அவர்களை உருட்டிவிடச் சொல்லிக் கீழே நின்று ஏந்திக்கொள்ள முடியாதே என்றும் சொன்னாள். உடனிருந்த ஓட்டுநர்கள் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். செம்பாவையும் சிரித்தாள். சிரித்தபடியே, அந்தச் சொல்லின் முழுப் பொருளையும் அவள் விளங்கிக்கொண்டாள். ஏறும் வழியை அளக்கவில்லை. திரும்பும் வழியை எண்ணவேயில்லை. ஏட்டில் உள்ள தூரம் உண்மைத் தூரத்தில் பாதி.

தாங்கள் இவ்விடத்தில் கேட்கக்கூடும், விளங்கியபின் ஏன் திருத்தவில்லை என்று. அந்தக் கேள்வியை அவளும் தன்னைப் பலமுறை கேட்டுப் பார்த்தாள். வெள்ளோட்டத்தின் முதல் மூன்று நாள் ஏட்டை வைத்தே அவள் கணக்கை முடித்து அரசவையில் படித்துவிட்டிருந்தாள். மின்னூர்தியை நான்காண்டுக் குத்தகைக்கு எடுத்தால் ஊர்தி ஒன்றுக்கு மொத்தம் ஐந்நூற்றிருபது பொன்னே ஆகும், வேறெவ்வழியும் இதற்கு மேலே என்று அவள் சொன்னபோது அவை வியந்தது. அவளை ஒருபோதும் நிமிர்ந்து பாராத பண்டாரத் தலைவர் இளங்காரி எழுந்து நின்று, இத்தனை நாள் இந்தத் துறைக்குத் தலை இல்லாதிருந்தது, இன்று முளைத்தது என்றார். பேரரசர் பொற்பூ ஒன்றைத் தம் கையால் அளித்தார். அதைச் சூடிக்கொண்டுதான் அவள் மறுநாள் அடிவாரத்துக்கு வந்து கொற்றியின் பேச்சைக் கேட்டாள். கேட்டபோது கை தானாகப் பூவைத் தொட்டுப் பார்த்தது. அதைக் கழற்றித் திரும்பக் கொடுக்கும் காட்சி மனத்தில் எழுந்தது. இளங்காரியின் முகம் எழுந்தது. குத்தகை முத்திரையாக இன்னும் ஐந்து திங்கள் உள்ளன, அதற்குள் சொல்லிக்கொள்ளலாம் என்று அவள் தனக்குச் சமாதானம் சொன்னாள். தையும் போனது, மாசியும் போனது. ஒவ்வொரு நாளும் சொல்வது முந்தைய நாளைவிடக் கடினமாயிற்று. ஏனெனில் பிழையோடு, சொல்லாதிருந்த நாள்களையும் சேர்த்துச் சொல்லவேண்டியிருந்தது. சென்ற ஆண்டு ஆனியில் முத்திரை விழுந்தது.

அவ்வொப்பந்தத்தில், ஓர் ஊர்தி ஆண்டுக்கு இருநூறு காதமே ஓடலாம், மிகுந்து ஓடும் ஒவ்வொரு காதத்துக்கும் ஐந்து காசு தண்டம் என்று எழுதியிருந்தது. பாதித் தூரத்தை நம்பி அவள் தெரிந்தெடுத்த மலிவான வரம்பு அது. மருத்துவச்சியர் போனார்கள், வந்தார்கள். ஓராண்டில் ஊர்தி ஒன்றுக்கு நானூறு காதம் ஆயிற்று. பத்துக் காசு ஒரு பொன்னாக, ஏழு ஊர்திக்கும் எழுநூறு பொன் தண்டம் கேட்டு, அவற்றைக் குத்தகைக்கு விட்ட வணிகக் கணத்தார் சென்ற ஆடியில் தங்களுக்கு ஓலை விட்டார்கள். ஐப்பசிக்குள் செலுத்தாவிட்டால் மழைக்கு முன்னே ஊர்திகளை மீட்டுக்கொள்வோம் என்றும் அதில் கண்டிருந்தது. தாங்கள் திகைத்து, ஓட்டியவர்கள் ஊதாரித்தனமாகச் சுற்றினார்களோ என்று ஆவணியில் செம்பாவையைக் கேட்டு எழுதினீர்கள். அது நியாயமான கேள்வி. அதற்கு அவள் எழுதிய மறுமொழி ஒரே வரி. தலைவியை விசாரித்து அறிக என்பது அது. எழுதும்போது எழுத்தாணி நடுங்கவில்லை என்பதே அவளுக்கு இன்று பெரிய அச்சமாயிருக்கிறது.

தாங்கள் கொற்றியைத் தலைமையிலிருந்து நீக்கி, ஊதியத்தை நிறுத்தி, முதல் விசாரணையின் வாக்குமூலத்தைப் புரட்டாசித் தொடக்கத்தில் தலைநகருக்கு அனுப்பினீர்கள். அதைச் செம்பாவை தனியே அமர்ந்து படித்தாள். மிகுதித் தூரம் எங்கே போயிற்று என்ற கேள்விக்கு, போன வழியே வீட்டுக்குத் திரும்பினேன் ஐயா, அது குற்றமானால் இனிமேல் போன ஊரிலேயே குடியிருந்துவிடுகிறேன், யார் வீட்டில் சோறு என்பதை மட்டும் அவையே சொல்லட்டும் என்று கொற்றி சொல்லியிருந்தாள். பங்குனியில் ஒருநாள் இரண்டாம் அழைப்புக்கு ஏறும்போது பதினோராம் வளைவில் மின் தீர்ந்து ஊர்தி நின்றதும், அவள் நடந்து போய்ச் சேருமுன் தினையூர்ப் பெண்ணொருத்தி தன் கணவன் கதிர் அறுக்கும் அரிவாளைக் காய்ச்சித் தொப்புள்கொடி அறுக்க, தானே பிள்ளையைப் பெற்றெடுத்ததும் அதில் இருந்தன. தாயும் சேயும் பிழைத்தார்கள். மூச்சிரைக்க வந்து நின்றவளைப் பார்த்து அந்தத் தாய் முதலில் சொன்னது, அக்காவுக்குத் தண்ணீர் கொடுங்கள் என்பதாம்.

இதற்கும் அப்பால் ஒன்று இருந்தது. ஊர்தி அமைச்சியாருக்கு இது தெரியுமா என்று அவையோர் கேட்டிருக்கிறார்கள். அடிவாரத்தில் தான் சொன்னதைக் கொற்றி அங்கே சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அன்றே விடுபட்டிருப்பாள். அவள் அதைச் சொல்லவில்லை. அந்த அம்மையைக் கேளுங்கள், தெரிந்ததை மறைக்கிற முகமில்லை அது என்று மட்டும் சொன்னாள். செம்பாவை அந்த வரியைத் தாண்டிப் படிக்க முயன்றாள். கண் மீண்டும் மீண்டும் அங்கேயே வந்து நின்றது. தன்னைக் காட்டிக்கொடுத்திருந்தால் எதிர்வாதம் செய்திருப்பாள். நம்பியவளிடம் செய்வதற்கு எதிர்வாதம் எதுவுமில்லை.

மறுநாளே அவள் ஒரு மின்னூர்தியை அடிவாரத்திலிருந்து தலைநகருக்கு ஏற்றச் சொல்லி, ஓட்டுநர் அருகே தானும் அமர்ந்தாள். நெடுங்குன்றமும் இம்மலையும் ஒரே உயரம். ஒருமுறை ஏற அறுபத்தொரு பங்கு மின் தீர்ந்தது. மூன்று நாள் ஏறியும் இறங்கியும் அளந்தாள். கல்லெண்ணெய் ஊர்தியையும் அவ்வாறே அளந்தாள். வாசல் காவலர் மட்டும், போனது அன்றே திரும்பி வருகிறதே, இனி என்னென்ன வருமோ என்று முணுமுணுத்தார்.

நான்காண்டுக்கு, ஓர் ஊர்திக்கு, உண்மைக் கணக்கு இது. குத்தகை மின்னூர்திக்குக் கூலி நானூற்று எண்பது, மின்னுக்கு முந்நூற்றிருபது, தண்டம் நானூறு. ஆக ஆயிரத்திருநூறு பொன். அதையே விலைக்குக் கொண்டால் விலை தொள்ளாயிரம், மின்னும் பராமரிப்பும் முந்நூற்றறுபது; முடிவில் விற்றால் முந்நூறு திரும்புமாதலால் நிகரம் தொள்ளாயிரத்து அறுபது. கல்லெண்ணெய் ஊர்தி வாங்கும்போது அறுநூறுதான். எண்ணெய்க்கு எண்ணூறும் பழுதுபார்க்க நூற்றிருபதும் கூடி, விற்று வரும் இருநூறு போக ஆயிரத்து முந்நூற்றிருபது ஆகிறது. அதைக் குத்தகைக்கு எடுத்தாலோ ஆயிரத்து அறுநூறு. மின்னூர்தியைத் தேர்ந்தது பிழையன்று, குத்தகையும் பாதி வழியுமே பிழை. இதைக் கண்டதும் செம்பாவைக்கு ஓர் ஆறுதல் வந்தது. தேர்வு சரியே என்று அவையில் சொல்லிக்கொள்ளலாமே என்று மனம் அந்த ஆறுதலை நோக்கி ஓடியது. கொற்றி ஊதியமின்றி இருக்கும் மாதத்திலும் தன் மனம் தன் பெயருக்கே நிழல் தேடுகிறது என்று கண்டு, அவள் முன்னிலும் அதிகமாக வெட்கினாள். அரிவாள் காய்ச்சிய அந்த வீட்டின் செலவு எந்தக் கணக்கிலும் ஏறாது என்பதும் அப்போது அவளுக்கு விளங்கியது.

அவள் பேரரசர் முன் சென்று அனைத்தையும் சொன்னாள். பொற்பூவைப் பீடத்தில் வைத்தாள். பேரரசர், ஆதனாருக்கு மட்டும் மந்தணமாக எழுதித் திருத்திக்கொள்ளலாமே என்றார். அவையில் கெட்ட பெயர் மந்தணத்தில் மீளாது என்று செம்பாவை விண்ணப்பித்தாள். இளங்காரி அவ்விடத்தே இருந்தார். அவர் முன்போலவே அவளை நிமிர்ந்து பாராமல் தம் ஏட்டைப் புரட்டினார். அவள் எதிர்பார்த்ததைவிட அது வலித்தது.

ஆகவே பேரரசர் ஆணையின்படி தாங்கள் நிறைவேற்ற வேண்டுவது. கொற்றி மீதான விசாரணையை இவ்வோலை கண்ட நாளிலேயே நீக்கி, அவளைத் தலைமையில் மீண்டும் அமர்த்தி, நிறுத்திய ஊதியத்தை முழுதும் அளிக்கவும். எழுநூறு பொன் தண்டம் நெடுங்குன்றத்தின்மேல் சாராது. செம்பாவையின் அமைச்சுமானிய நிலம் மூன்றாண்டுக்கு வணிகக் கணத்தாரிடம் ஒற்றி வைக்கப்பட்டு அது தீர்க்கப்பட்டது. ஏழு ஊர்திகளும் பண்டாரச் செலவில் விலைக்குக் கொள்ளப்பட்டு மருத்துவச்சியர் இல்லத்துக்கே உரிமையாயின; மழைக்கு முன்னும் பின்னும் அவற்றை எவரும் தொடார். பதினோராம் வளைவில் மின்னூட்டும் சாவடி ஒன்று கார்த்திகைக்குள் எழும். இனி எவ்வூர்தியின் வெள்ளோட்டமும் ஏறி இறங்கியே நடக்கும்.

இவ்வோலையை ஐப்பசி முதல் நாள், கொற்றியைக் குற்றவாளி என்று கூவிய அதே அவையில், அதே கூவுவோன் வாயால், முதலெழுத்திலிருந்து கடையெழுத்து வரை படிப்பிக்க. செம்பாவைக்கு இழுக்காகும் என்று எவ்வரியையும் விடாதிருக்க.

பிழை ஒப்பும் ஓலைகளின் முடிவில் பொறுத்தருள்க என்னும் வரி எழுதுவது மரபு. இதில் அவ்வரி இல்லை. பொறுக்கும் உரிமை தங்களுடையதும் அன்று, பேரரசருடையதும் அன்று. செம்பாவை அன்று அவைக்கு வருவாள். ஓலை படித்து முடிந்தபின் எழுந்து கொற்றியிடம் அதைக் கேட்பாள். கொற்றி தரும் விடை எதுவாயினும், முடியாது என்பதாயினும், அவ்விடையை அவைக்கணக்கர் அவள் வாய்மொழியாகவே எழுதி, இவ்வோலையோடு சேர்த்துக் கட்டி வைக்கக் கடவர்.

புரட்டாசி வளர்பிறை ஒன்பதாம் நாள், வெண்மதில் மாநகரம். பேரரசர் திருமுத்திரை மேலே. செம்பாவையின் விரல்முத்திரை கீழே. எழுத்தாளர் கைபடாது அவளே கீறிய எழுத்து.