ஒரு ரிலீஸ், மூன்று கோப்புகள்

2025 ஜூன் 13, வெள்ளி. காலை 10.20. நின்றுபோன மெஷின்கள்: 37.

எல்லாம் குற்றாலத்து லாட்ஜ்களில். அதுவும் சாரல் நேரத்தில்.

ரூம் பில் போடும் எங்கள் சாஃப்ட்வேரின் 4.2 வெர்ஷன் நேற்றுப் போனது. இதுவரை ஒரே கோப்பு போதும். இந்த சீசனில்தான் மூன்று: பழைய கம்ப்யூட்டருக்கு ஒன்று, புதியதற்கு ஒன்று, டேப்லெட்டுக்கு ஒன்று. பாண்டித்துரை அண்ணன் (முதலாளியும் அவர்தான்) முன்னே எழுதிய புரோகிராம் கோடில் ஒரு ரிலீஸ் என்றால் ஒரு கோப்புதான். என்னோடு வேலை செய்யும் சுகந்தி மூன்றையும் சர்வரில் ஏற்றினாள். ஒவ்வொன்றும் முந்தையதை அழித்துவிட்டு அதன் இடத்தில் உட்கார்ந்தது. மிஞ்சியது டேப்லெட் கோப்பு. கம்ப்யூட்டர்கள் அத்தனையும் அதை இறக்கிக்கொண்டு படுத்துவிட்டன.

அண்ணன் சுகந்தியைப் பிடித்துக் கத்தினார்.

"அவ என்னண்ணே செய்வா? ஒங்க கோடுல்லா தப்பு" என்றேன்.

தென்காசி ஆபீஸில் மூன்று போனும் ஒரே நேரத்தில் அடித்தன. ஆளுக்கொன்று எடுத்தோம்.

ஜூன் 14

கையால் பில் எழுதுகிறார்கள். சனிக்கிழமைக் கூட்டம். போனைக் கீழே வைக்க முடியவில்லை.

ஜூன் 15, ஞாயிறு

4.2 இறங்குவதை நிறுத்திவிட்டு, லாட்ஜ் லாட்ஜாகப் போய்ப் பழைய 4.1-ஐப் போட்டுவிட்டு வந்தோம். இறங்கும் கோப்பு முழுசா என்று சரிபார்க்கும் என் சின்ன நிரலையும் கூடவே போட்டேன். அண்ணனிடம் கேட்கவில்லை. கேட்டால் விடமாட்டார்.

பதினொரு லாட்ஜ்காரர்கள் சொல்லிவிட்டார்கள்: இன்னொரு தடவை நின்றால் வேறு கம்பெனி.

சாயங்காலம் சண்டை. நான் சொன்னது இதுதான்: ரிலீஸ் வேறு, டிஸ்ட்ரிபியூஷன் வேறு. ரிலீஸ் என்பது 4.2 என்ற எண், தேதி, என்ன மாறியது என்ற விவரம். அதை யாராலும் இறக்கிக்கொள்ள முடியாது. இறக்குவது டிஸ்ட்ரிபியூஷனை. அது ஒரு கோப்பு. எந்த வகை மெஷினுக்கு, எவ்வளவு பெரியது, ஓர் எழுத்து மாறினாலும் காட்டிக்கொடுக்கும் கைரேகை எது என்பதெல்லாம் அதோடு இருக்க வேண்டும். ஒரு ரிலீஸுக்குக் கீழே அப்படி எத்தனையும் இருக்கலாம். இதில் என்ன புரியவில்லை?

"ஐந்தருவில அஞ்சு கிளை விழுதுல்லா அண்ணே? தண்ணி ஒண்ணுதான். அவனவன் எடம் கெடைச்ச கிளையில நிக்கான்."

"குளிக்கதுக்கும் கோடுக்கும் என்னலே சம்பந்தம்? லாட்ஜ் பேரப் போட்டு ஒரு பட்டியல் எழுது. இன்ன லாட்ஜுக்கு இன்ன கோப்பு. சோலி முடிஞ்சுது."

அவர் சொல்வது அரை மணி நேர வேலை, ஓடவும் செய்யும். அதுதான் எரிச்சல்.

கடைசியில் வெள்ளி வரை நேரம் கொடுத்தார். அதற்குள் முடியாவிட்டால் அவர் சொன்ன பட்டியல்தான். முடிந்து, போட்டு, ஒரு மெஷின் நின்றாலும் —

"நீ அச்சன்புதூருக்குப் போயி ஒங்கப்பா கூட நாத்து நடு."

சிரிக்காமல் சொன்னார்.

ஜூன் 17

கோடில் இரண்டு தனித்தனிப் பகுதி (கிளாஸ்): ரிலீஸ், டிஸ்ட்ரிபியூஷன். சுத்தமாக வந்திருக்கிறது. சுகந்தி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து படித்தாள்.

"அந்த 4.2 என்ன ஆவும்?"

"அழிச்சிருவேன்."

"நாளைக்கு எந்த மெஷின்லயாவது அது கெடந்தா? என்ன ஏதுன்னு எங்கன போயி பாப்ப? ரிலீஸ் ஆனது ஆனதுதான் அருண்."

சே. ஏன் எனக்குத் தோன்றவில்லை? 'திரும்பப் பெறப்பட்டது' என்று ஒரு குறி சேர்த்தேன், காரணம் எழுத ஓர் இடமும். புதிதாக யாருக்கும் போகாது. ஆனால் பதிவில் இருக்கும்.

நன்றி சொன்னேனா? இல்லை என்று நினைக்கிறேன்.

ஜூன் 18, புதன்

ஐந்தருவி ரோட்டில் நல்லகண்ணு அண்ணாச்சி லாட்ஜ். அண்ணன் அதற்குள் தானே எழுதிக் கோடில் சேர்த்துவைத்த பட்டியலில் இவருக்குப் புதிய கம்ப்யூட்டர் இரண்டு. நேரில் கவுண்டர் நான்கு! ஞாயிறன்று வந்த அவசரத்தில் இதையெல்லாம் எண்ணவில்லை. மூன்றாவதில் வீரகேரளம்புதூர் வீட்டில் கிடந்த பழைய கம்ப்யூட்டர். நான்காவதில் மச்சினன் லாட்ஜிலிருந்து வாங்கி வந்த டேப்லெட்.

"கூட்டம் வந்தா கையில கெடைச்சத வச்சி ஒரு கவுண்டரப் போட்டுருவோம் தம்பி. சீசன் முடிஞ்சா அதது அங்கங்க போயிரும். எல்லா லாட்ஜுலயும் இப்பிடித்தான்."

இத்தனை வருடம் இது தெரியாமல் சாஃப்ட்வேர் விற்றிருக்கிறோம். அவர் முன்னாலேயே சிரித்துவிட்டேன். பட்டியல் செத்தது! லாட்ஜ் பெயரை வைத்து எதுவும் தெரியாது. மெஷினைத்தான் கேட்க வேண்டும். அப்டேட் கேட்கும்போதெல்லாம் அது தன் வகையைச் சொல்லத்தான் செய்கிறது. நாம்தான் காதில் வாங்கவில்லை. இனி அந்த வகைக்குப் பொருந்தும் டிஸ்ட்ரிபியூஷன் மட்டும் போகும். பொருந்துவது இல்லையா, இருப்பதைத் தொடாதே.

ஜூன் 20, வெள்ளி

மாலை 5 மணி. 4.3 போட்டாயிற்று. நிமிடத்துக்கு ஒருமுறை திரையைப் பார்க்கிறேன் — எதுக்குப் பாக்கணும்? கோடு சரி.

ஜூன் 21, சனி

72!

எழுபத்திரண்டு மெஷின்கள் 4.3-ஐ எடுத்துக்கொண்டன. ஒன்றுகூட நிற்கவில்லை. அண்ணன் பட்டியலில் மொத்தமே 49. மிச்சம் 23 சீசன் கவுண்டர்கள். பட்டியலை நம்பிப் போயிருந்தால் இன்று எங்கள் கதை என்ன?

பதினொரு மணிக்கு நல்லகண்ணு அண்ணாச்சி போன்.

"தம்பி, எறங்கிட்டு இருக்கும்போதே கரெண்ட் போயிட்டு. போன வாரம் மாதிரி ஆயிருமோ?"

"இப்ப பில் வருதா அண்ணாச்சி?"

"வருது. அதாம்ல ஆச்சரியமா இருக்கு."

பாதிக் கோப்பின் கைரேகை சேரவில்லை. மெஷின் அதைத் தூக்கி எறிந்துவிட்டு 4.1-இலேயே இருந்திருக்கிறது, கரெண்ட் வந்ததும் முழுசாக இறக்கிக்கொண்டது. யாரும் சொல்லாமல்! நான் மேசைமேல் ஏறிக் கத்தினேன்.

"எறங்கு, மானிட்டர் விழப்போவுது" என்றாள் சுகந்தி. அவளும் கத்திக்கொண்டுதான் இருந்தாள்.

அண்ணன் வந்து திரையைப் பார்த்தார். "ம்." அவ்வளவுதான்.

ஜூன் 23, திங்கள்

காலையில் வந்து கோடைத் திறந்தால் அந்தப் பட்டியலைக் காணோம். 9.05-க்கு நீக்கப்பட்டிருக்கிறது. நீக்கியவர்: பாண்டித்துரை.

மதியம் செங்கோட்டையிலிருந்து ஒரு லாட்ஜ்காரர் புதிதாகக் கேட்டு வந்தார். அண்ணன் அவருக்கு டீ சொல்லிவிட்டு விளக்கினார்: "ஐந்தருவில அஞ்சு கிளை விழுதுல்லா அண்ணாச்சி? தண்ணி ஒண்ணுதான். அதே மாதிரிதான், ரிலீஸ் ஒண்ணு, கோப்பு மூணு."

சுகந்தி என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறக்கவில்லை. இதுதான் முதல் தடவை.

இனி:

1. 4.2-இன் 'திரும்பப் பெறப்பட்டது' குறிக்குக் கீழே காரணம் எழுத வேண்டும். காரணத்தில் யார் பெயரும் வராது.
2. 4.9-ஐவிட 4.10 புதியது என்று கோடுக்குச் சொல்லித்தர வேண்டும். இப்போது அது 4.10-ஐ 4.1 என்றுதான் படிக்கும். அண்ணன் கண்ணில் படுவதற்கு முன்னால்.
3. சுகந்திக்கு நன்றி. வாயால்.
4. அப்பாவுக்குப் போன்: நடவுக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்ளட்டும்.