விடுன்னா விட்டுடணும்

என் செல்ல மகளுக்கு அப்பா எழுதுறது. நானும் உங்கம்மாவும் கை கால் சுகத்தோட இருக்கோம், அவளுக்கு முழங்கால் வலி மட்டும் அப்பப்ப வரும், அதுவும் கடைக்குப் போகச் சொன்னாத்தான் வரும், பக்கத்து வீட்டுக்குப் பேசப் போனா வராது. அங்க நீயும் மாப்பிள்ளையும் என் சுண்டெலிப் பேத்தியும் நல்லா இருக்கீங்கன்னு நம்பித்தான் இதை ஆரம்பிக்கிறேன். உன் கடிதம் போன கப்பல்ல வந்துச்சு. போன்லயே பதில் சொல்லலாம்தான், ஆனா நம்ம தீவு லைன் உனக்குத் தெரியாததா, கிடைக்கிற கொஞ்ச நேரத்தையும் உங்கம்மா எடுத்துக்குவா, கடைசியில எனக்கு நல்லா இருக்கியாம்மான்னு கேக்குற அளவுக்குத்தான் மிஞ்சும். பேத்திக்கு அஞ்சு வயசு ஆயிடுச்சு, இன்னும் போட்டோவுலதான் பார்த்திருக்கீங்க, இந்த வருஷம் கூட்டிட்டு வரலாமா வேண்டாமா, அப்பாவா இல்லாம இறங்குதுறைக்காரரா சொல்லுங்கன்னு கேட்டிருக்கே. சக்கரை வியாதி இருக்கிற பிள்ளையை டாக்டர் இல்லாத தீவுக்குக் கொண்டு போறதை நினைச்சாலே மாப்பிள்ளைக்குத் தூக்கம் வரலைன்னும் எழுதியிருக்கே. அவர் மேல எனக்குக் கோவம் எதுவும் இல்லை, பெத்தவன்னா பயம் இருக்கத்தான் செய்யும். பயமே இல்லாம ரெண்டு கையையும் பாக்கெட்டுல விட்டுக்கிட்டு படகுல நிக்கிறான் பாரு, அவன்தான் எனக்குத் தலைவலி. வாங்கன்னு முதல்லயே சொல்லிடுறேன். ஆனா இதை முழுசாப் படி, மாப்பிள்ளைக்கும் படிச்சுக் காட்டு, அதுக்கப்புறம் டிக்கெட் எடு.

தீவுக்கு வர்றதுக்கு நீங்க போட்ட அனுமதி மனு வந்தப்ப நான் அதைத் தொடவே இல்லை, சொந்த மகள் விஷயத்துல நான் கையெழுத்துப் போட்டா நாளைக்கு எவனை நான் கேள்வி கேக்க முடியும். அது நேரா நம்ம தீவு ஆஸ்பத்திரி நர்ஸம்மாகிட்டப் போச்சு. அவங்க ஒரே வார்த்தையில முடியாதுன்னுட்டாங்க. கப்பல் மாசத்துக்கு ஒண்ணு, கடல் கொந்தளிச்சா அதுவும் இல்லை, பிள்ளைக்கு மருந்து தீர்ந்து போனாலோ மயங்கி விழுந்தாலோ நான் ஒருத்தி என்ன செய்ய முடியும், அந்தப் பாவம் எனக்கு எதுக்குன்னு கேட்டாங்க. அவங்க கேட்டதுல என்ன தப்பு. வீட்டுக்கு வந்து உங்கம்மாகிட்டச் சொல்லுறப்ப அழுவாள்னு நினைச்சேன், அவ சாப்பிட்ட தட்டைக் கழுவி வெச்சிட்டுப் போய்ப் படுத்துட்டா. மறுநாள் காலையில நான் எந்திரிக்கிறதுக்குள்ள ஆஸ்பத்திரி வாசல்ல போய் உக்காந்துட்டா. நீங்க ஒருத்தி இல்லை, ரெண்டு பேர், எனக்குக் கத்துக்குடுங்கன்னு கேட்டிருக்கா. உங்கம்மாவைப் பத்தி உனக்கே தெரியும், ஊசின்னா மூணு தெரு தள்ளி நிப்பா, உனக்கு சின்ன வயசுல ஊசி போடுறப்பெல்லாம் வெளிய போய் நின்னுக்கிட்டு என்னைத்தான் உன் காலைப் பிடிக்கச் சொல்லுவா. அவ இப்ப தினம் சாயங்காலம் போய் ஸ்பாஞ்சுல குத்திப் பழகுறா. ஸ்பாஞ்சு போரடிச்சதும் வீட்டுக்கு வந்து என் விரல்ல குத்திச் சக்கரை பார்க்க ஆரம்பிச்சிட்டா. என் பத்து விரலும் சல்லடையாப் போச்சு. எனக்குச் சக்கரை சுத்தமா இல்லைன்னு இந்தத் தீவுல நாய் பூனைக்குக்கூடத் தெரியும். பிள்ளைக்கு வேர்த்து நடுங்கினா என்ன, தாகம்னு தண்ணியாக் குடிச்சா என்ன, எப்ப இனிப்பு குடுக்கணும், எப்ப ஊசின்னு நர்ஸம்மா மாத்தி மாத்திக் கேட்டா, உங்கம்மா தூக்கத்துலயும் பதில் சொல்றா. அந்தம்மா கடைசியில இறங்கி வந்து, அவங்களே பெரிய ஆஸ்பத்திரி டாக்டர்கிட்ட ரேடியோவுல பேசி, தினம் ஒரு நேரத்துக்கு நம்ம பிள்ளையைப் பத்திக் கேட்டுக்குறதா ஏற்பாடு பண்ணிட்டாங்க. தடுப்பூசி மருந்து வைக்கிற ஃப்ரிட்ஜுல ஒரு தட்டைக் காலி பண்ணிக் குடுத்திருக்காங்க, கரண்ட் போனாலும் அது பேட்டரியில ஓடும். வரட்டும்னு அவங்க சொன்னப்ப உங்கம்மா அவங்களைக் கட்டிக்கிட்டா, நான் திரும்பி ஜன்னலைப் பார்த்துக்கிட்டேன்.

இனி நான் சொல்றதை ஒண்ணு விடாமச் செய். தங்குற நாளுக்கு எவ்வளவு மருந்து வேணுமோ அதைப்போல ரெண்டு மடங்கு எடுத்துக்கோ, திரும்பிப் போற கப்பல் தள்ளிப் போகத்தான் செய்யும், தள்ளிப் போகாதுன்னு எவனாவது சொன்னா நம்பாதே. அதையும் ஒரே பையில வைக்காதே, பாதி உன்கிட்ட, பாதி மாப்பிள்ளைகிட்ட, ஒரு பை கடலுக்குள்ள போனாலும் இன்னொண்ணு இருக்கணும். சாமான் அறையில போடுற பெட்டிக்குள்ள இன்சுலினை வெச்சிடாதே, கப்பல் சமையல்காரர்கிட்டக் கேட்டா அவர் ஃப்ரிட்ஜுல இடம் தருவார், நல்ல மனுஷன், என் பேரைச் சொல்லு. காப்பீடு எடுக்குறப்ப அவசரத்துக்குக் கப்பலைத் திருப்பி ஆளை ஏத்திப் போற செலவும் அதுல வருதான்னு கேட்டு எடு, மாப்பிள்ளை கேக்கக் கூச்சப்படுவார், நீ கேளு. கார்டு இங்க செல்லாது, கைக்காசு கொண்டு வா. பழம், விதை, தேன் எதுவும் வேண்டாம், பிள்ளைக்கு இனிப்பு வேணும்னா மூடி பிரிக்காத பாக்கெட்டா வாங்கிக்கோ. செருப்பு ஷூ எல்லாத்தையும் அடிப்பக்கம் பிரஷ் போட்டுத் தேய்ச்சுக் கழுவு, சாக்ஸுல ஒட்டியிருக்கிற புல் விதையை உக்காந்து ஒண்ணொண்ணாப் பிடுங்கு. ஒரு வெளியூர் விதை முளைச்சாப் போதும், இங்க இருக்கிற பறவைக்குக் கூடு கட்ட இடம் இருக்காது. நம்ம அப்பாதானே விட்டுடுவார்னு நினைச்சே, அவ்வளவுதான், உன் பெட்டியைத்தான் முதல்ல கவுத்துக் கொட்டுவேன். போன தடவை ஒரு பெரிய அதிகாரி வந்தார், அவர் கோட்டுப் பாக்கெட்டுல பாதி தின்ன ஆப்பிள் இருந்துச்சு, என் முன்னாடியே நின்னு மீதியைத் தின்னு முடிச்சிட்டு விதையை என்கிட்டக் குடுத்துட்டுத்தான் போனார்.

இப்ப சொல்லப்போறதுதான் முக்கியம். கப்பல் கரைக்கு வராது, தூரத்துல நிக்கும், சின்னப் படகுல ஏத்தி இறங்குதுறைக்குக் கொண்டு வருவாங்க, அது உனக்குத் தெரியும். அலை படகை மேல தூக்கும், படிக்குச் சமமா ஒரு நொடி நிக்கும், திரும்பவும் இறங்கிடும். அந்த ஒரு நொடிதான் நமக்கு. பெரியவங்க மணிக்கட்டைப் பிடிச்சுத் தாவிடுவாங்க. சின்னப் பிள்ளையை லைஃப் ஜாக்கெட்டோட நீ தூக்கிப் பிடிக்கணும், மேல நிக்கிறவன் ஜாக்கெட் பட்டையைப் பிடிச்சதும் விடுன்னு கத்துவான், அந்த நொடியே நீ விட்டுடணும். எத்தனையோ தாய்மாரைப் பார்த்துட்டேன், எல்லாரும் பண்ற தப்பு இது ஒண்ணுதான், விடமாட்டாங்க. விடலைன்னா படகு உன்னை இழுத்துக்கிட்டுக் கீழ போகும், பிள்ளை நடுவுல தொங்கும். நீ பிடிச்ச பிடியை விடாதவ, அதுலயும் இந்தப் பிள்ளையை ராத்திரி எந்திரிச்சு எந்திரிச்சு மூச்சு வருதான்னு பார்த்து வளர்த்தவ. அதனாலதான் அப்பாவுக்குப் பயமே. வீட்டுலயே மாப்பிள்ளையை மேஜை மேல நிக்க வெச்சுப் பழகிப் பாருங்க, பிள்ளையும் விளையாட்டுன்னு நினைச்சுக்கும்.

இன்னொண்ணு, அன்னைக்கு மேல நிக்கப்போறது நான் இல்லை. நம்ம துறையில அவனவன் சொந்தக்காரங்களை அவனவன் தூக்கக்கூடாது. உன் வகுப்புல பின்பெஞ்சுல இருந்த நெட்டையன் இப்ப என்கூடத்தான் வேலை பார்க்கிறான், மூணு வருஷத்துக்கு முன்னாடி அவன் பொண்டாட்டி ஊருக்குப் போயிட்டுத் திரும்பினப்ப, ஆசையில அலை ஏறுறதுக்கு முன்னாடியே கையைப் பிடிச்சு இழுத்துட்டான், அவளுக்குக் கணுக்கால் உடைஞ்சுது. அவனுக்கு வேலை தெரியாம இல்லை, பார்த்தது பொண்டாட்டி முகத்தை, அலையை இல்லை. அதுக்கப்புறம் நாங்க வெச்ச கட்டுப்பாடு இது. அதனால உன் பிள்ளையை வாங்கப்போறது நெட்டையன். ஐயோ அவனா, கையில எதைக் குடுத்தாலும் போட்டு உடைப்பானேன்னு நீ தலையில கை வைக்கிறது எனக்கு இங்கேருந்தே தெரியுது. அது பள்ளிக்கூடத்து நெட்டையன். இவன் கையிலேருந்து இதுவரைக்கும் ஒரு பிள்ளை நழுவினது இல்லை. பேத்தி எடை எவ்வளவுன்னு என்கிட்டக் கேட்டு, அதே எடைக்கு மாவு மூட்டை கட்டி, படகுலேருந்து தூக்கிப் பழகிக்கிட்டு இருக்கான். மூட்டைக்கு ஜாக்கெட்டும் மாட்டி விட்டிருக்கான், கேட்டா உன் மகளுக்குப் பதில் சொல்லணுமேங்கிறான்.

நானும் உங்கம்மாவும் துறைத் தரையில போட்டிருக்கிற மஞ்சக் கோட்டுக்குப் பின்னாடி, மத்த வீட்டுக்காரங்க நிக்கிற இடத்துல நிப்போம். வேலைக்குச் சேர்ந்ததிலேருந்து நான் அந்தப் பக்கம் நின்னதே இல்லை. படகு வர்றப்ப உன் கண்ணு என்னைத்தான் தேடும். தேடாதே. என்னைப் பார்த்தா உனக்குக் கண்ணு நிறையும், உன்னைப் பார்த்தா எனக்கும் அதே கதிதான். நெட்டையன் கையை மட்டும் பாரு, அவன் விடுன்னதும் விட்டுடு. அங்க நானும் கோட்டைத் தாண்டாம அடக்கிக்கிட்டுத்தான் நிப்பேன், அதுதான் நீ செய்யுறதைவிடக் கஷ்டம்னு உங்கம்மா சொல்றா. சுண்டெலி கால் கரையில பட்ட அடுத்த நொடி இந்தக் கிழவன் கோட்டைத் தாண்டி ஓடுவான், அப்ப எவனும் குறுக்க வரக்கூடாதுன்னு துறையில எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சாச்சு.

மூணு பேரும் ஒரு குறையும் இல்லாம நல்லபடியா வந்து சேருங்க, எங்க ஆயுசையும் சேர்த்து அந்தப் பிள்ளை நூறு வயசு இருக்கட்டும். சாக்ஸை மறந்துடாதே. கப்பல் தேதி முடிவானதும் சொல்லு, நெட்டையனுக்கு அன்னைக்கு லீவு கிடையாது.

உன் வரவுக்குக் காத்திருக்கும்
அப்பா
(அம்மா பக்கத்துல உக்காந்து என் விரலைக் கேக்குறா)