சித்திரையில் வழுக்கும் படிகள்

டாக்டர்,

இன்று காலை ஸ்ரீரங்கத்துப் படித்துறையில் பிளீச்சிங் பவுடர் நெடி மூக்கைத் துளைத்தது. சித்திரை மாதம், காவிரியில் மணலைத் தவிர ஒன்றுமில்லை. ஆனாலும் ஆட்கள் காய்ந்த படிகளைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார்கள். உங்கள் நினைவுக் கல்லுக்கு மாலையில் திறப்பு விழா. பாசியை அகற்றச் செய்து, பெண்கள் வழுக்கி விழுவதைக் குறைத்தவர் என்று அதில் பொறித்திருக்கிறார்கள்.

பாசியைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை.

ஐம்பதுகளின் நடுவில், திருச்சி மக்களின் உடற்பருமனையும் உடல்வலிமையையும் ஆராய நம் இருவரையும் சுகாதாரத் துறையில் அமர்த்தினார்கள். கடைவீதி வியாபாரிகளை நான் எடை பார்த்தேன். பெண்களை ஸ்ரீரங்கத்து மருத்துவமனையில் நீங்கள் பார்த்தீர்கள். இரத்த அழுத்தப் பட்டையைச் சுற்றுவதற்காக ரவிக்கைக் கையை ஏற்றியபோதுதான் விரல் பதிந்த கன்றல்கள் உங்கள் கண்ணில் பட்டன. "பருமன் மெதுவாக் கொல்லும். இது காத்திருக்காது. முதல்ல இதைப் பார்ப்போம்" என்றீர்கள்.

இதுபோலவே ஆறு வறண்ட ஒரு சித்திரையில், எடைக்கருவியை வாங்கிப்போக நான் வந்திருந்தபோது, உதடு பிளந்த ஒரு பெண் உங்கள் முன் அமர்ந்திருந்தாள்.

"படித்துறைல வழுக்கி விழுந்துட்டேங்க, டாக்டரம்மா."

"அட, ஆத்துல தண்ணி வந்துடுச்சா? எங்கிட்ட யாருமே சொல்லலையே!"

அவள் சற்று யோசித்தாள். "அப்ப மாடிப்படின்னு வச்சுக்குங்க."

"உங்க வீட்டுல மாடி இருக்கா?"

"ஓட்டு வீடுதாங்க."

உதடு வலிக்க வலிக்க அவள் சிரித்தாள், நீங்களும் சிரித்தீர்கள். பிறகு குரலைத் தாழ்த்தி, "இன்னைக்கு வீட்டுக்குப் போகலாமா?" என்று கேட்டீர்கள். சிரிப்பு நின்றது. இல்லை என்று தலையசைத்தாள். அன்று வார்டில் அவளுக்கு இடம் கிடைத்தது.

மறுநாள் அவள் கணவன் வந்து, சமைக்க ஆளில்லை என்று சத்தம் போட்டான். நீங்கள் திட்டவில்லை. காயம் கழுவும் மருந்துநீர் இருந்த பீங்கான் கிண்ணத்தை அவன் கையில் கொடுத்தீர்கள். "கிட்ட வந்து பிடிங்க. முகத்தைத் திருப்பாதீங்க, கீழ சிந்திடும்." காயத்தைத் துடைத்து முடிக்கும்வரை அவன் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதாயிற்று. அதன்பின் அது உங்கள் விதியானது: கட்டுப் பிரிக்கும்போதெல்லாம் கணவன்தான் கிண்ணம் பிடிக்க வேண்டும். அப்படி நின்றவர்களின் மனைவியர் மறுபடி அடிபட்டு வருவது குறைந்ததை நாம் ஆண்டுக்கணக்கில் கண்டோம். நீங்கள் அதைப் பெரிதாக்கவில்லை. "சில பேரு திருந்தலை. கிண்ணம் பிடிக்கத்தான் கத்துக்கிட்டாங்க" என்பீர்கள்.

நம் அறிக்கையிலிருந்து அந்த அத்தியாயத்தை மேலதிகாரி நீக்கினார். "இதெல்லாம் குடும்ப சமாசாரம்மா. சுகாதாரத்துல சேராது."

"காலரா மட்டும் குடும்பத்துக்குள்ள வராதுங்களா, சார்?" என்றீர்கள். அவர் காயங்கள் குறைந்த செய்தியை மட்டும் விட்டுவைத்தார். அதற்கொரு காரணம் வேண்டுமல்லவா? பாசி என்று அவரே எழுதிக்கொண்டார். இன்று கல்லைத் திறந்துவைத்தவரும் அவர்தான்.

விழாவில் பேச என்னையும் அழைத்திருந்தார்கள். நான் போகவில்லை. இப்போது நான் நோயாளிகளைப் பார்த்துவரும் உங்கள் பழைய அறையில், புருவம் கிழிந்த ஒரு பெண் காத்திருந்தாள். ஒலிபெருக்கி உங்களைப் புகழ்வது ஜன்னல் வழியே கேட்டுக்கொண்டிருந்தது.

"படித்துறைல வழுக்கிடுச்சுங்க" என்றாள்.

உங்கள் வேடிக்கைப் பேச்சு எனக்கு வராது. "இன்னைக்கு வீட்டுக்குப் போகலாமாம்மா?" என்று மட்டும் கேட்டேன்.

"தெரியலீங்க."

வார்டில் இடம் ஒதுக்கச் சொல்லிவிட்டு, வெளியே நின்ற கணவனை அழைத்தேன்.

"சீக்கிரம் அனுப்பிடுங்க சார், விழாவுக்கு நேரமாச்சு" என்றான்.

கிண்ணத்தை அவன் கையில் கொடுத்தேன்.

"கிட்ட வாங்க. முகத்தைத் திருப்பாதீங்க."